தடியூன்றி வந்த தலைவர்

ஊர் முனையில் நிற்கும் அண்ணல் அம்பேத்கர் சிலையில் சோர்வு தெரியாது. கோட்டு அணிந்து, கையில் அரசமைப்புச் சட்டத்தோடு நிமிர்ந்து நிற்பார். ஆனால் அந்தச் சட்டம் உருவான ஆண்டுகளில் அவர் தீராத நோயோடுதான் வாழ்ந்தார்.

சர்க்கரை நோய் அவரை நெடுங்காலம் வாட்டியது. நரம்புகள் பாதிக்கப்பட்டு, கால்களில் வலி விடவில்லை. பல இரவுகள் தூக்கமில்லை. இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டுதான் வேலை பார்த்தார்.

1947 ஆகஸ்ட் 29-ல் அமைந்த வரைவுக் குழுவில் 7 பேர் இருந்தனர். ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் வெளிநாடு போனார், சிலரால் உடல்நலக் குறைவால் வர இயலவில்லை. கடைசியில் சுமை முழுவதும் அம்பேத்கர் தோளில் விழுந்தது என்று 1948 நவம்பரில் அவையில் எடுத்துச் சொன்னவர் சென்னையைச் சேர்ந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி. அந்தத் தோளும் நோயுற்ற தோள்தான்.

சிகிச்சைக்காக மும்பை சென்றபோது அறிமுகமானவர் டாக்டர் சாரதா கபீர். 1948 ஏப்ரல் 15-ல் இருவரும் மணம் செய்துகொண்டனர். சவிதா அம்பேத்கர் ஆன அவர், கணவரின் உணவையும் மருந்தையும் கவனித்துக்கொண்டார்.

இருக்கும் தெம்பை எதற்குச் செலவிடுவது என்பதில் அம்பேத்கர் தெளிவாக இருந்தார். 1951 ஆகஸ்டில் பிரதமர் நேருவுக்கு எழுதிய கடிதத்தில் தன் உடல்நிலையை மறைக்காமல் சொன்னார். மருத்துவரிடம் போகும் முன்பே, பெண்களுக்குச் சொத்துரிமை தரும் இந்து சட்ட மசோதாவை முடித்துவிட விரும்பினார். மசோதா கைவிடப்பட்டதும் அமைச்சர் பதவியை விட்டு விலகினார்.

1954-ல் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். ஆனாலும் 1951-ல் தொடங்கிய ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலை எழுதி முடித்தார். தன் ஆயுளை நீட்டித்தவர்கள் என்று மனைவிக்கும் டாக்டர் மாலவங்கருக்கும் நன்றி சொல்லி அதற்கு ஒரு முன்னுரை எழுதினார். 1957-ல் நூல் வெளிவந்தபோது அந்த முன்னுரை அதில் இடம்பெறவில்லை.

1956 அக்டோபர் 14-ல் நாக்பூரில் லட்சக்கணக்கான மக்கள் காத்திருந்தனர். கையில் தடியூன்றி, உதவியாளரின் தோளைப் பற்றி மேடைக்கு வந்தார் அம்பேத்கர். இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935-ல் இயோலாவில் எடுத்த உறுதியை அன்று நிறைவேற்றினார். 53 நாள் கழித்து, டிசம்பர் 6-ல், டெல்லி அலிப்பூர் சாலை வீட்டில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 65. முந்தைய இரவுகூடத் தன் நூலின் முன்னுரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் வீடுகளிலும் சர்க்கரை நோயாளிகள் இருக்கிறார்கள். வேலைக்கு நடுவே அவர்கள் அசந்து உட்கார்ந்தால் சோம்பேறி என்று சொல்லிவிடுகிறோம். அண்ணல் தன் அசதியை மறைக்கவில்லை. ஊசி போட்டுக்கொண்டார், தடி ஊன்றினார், பிறர் தோளைப் பற்றினார், தாங்கியவர்களுக்கு நன்றியும் எழுதினார். பிறந்த நாளன்று சிலைக்கு மாலை போடும்போது மாணவர்கள் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.