தூக்குக் கயிற்றுக்காகக் காத்திருந்த எழுத்தாளர்!

புத்தகம் எழுதியாகிவிட்டது. கடைசிப் பக்கங்கள்தான் பாக்கி. அதை எழுத வேண்டுமானால் 2 பேர் சாக வேண்டும்!

இப்படி ஒரு தர்மசங்கடத்தில் மாட்டிக்கொண்டார், அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி. அந்த 2 பேரும் அவருக்கு யாரோ எவரோ அல்ல. 5 வருடமாகப் பார்த்துப் பேசி, கடிதம் எழுதிப் பழகியவர்கள்.

இல்லாத பெட்டி

1959-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி. நள்ளிரவு தாண்டிய நேரம். கன்சாஸ் மாநிலத்தில் ஹோல்கம் என்ற சின்னஞ்சிறு ஊர். ஹெர்பர்ட் கிளட்டர் என்ற பண்ணையார் வீட்டுக்குள் 2 பேர் புகுந்தார்கள்.

ஒருவன் டிக் ஹிக்காக். இன்னொருவன் பெர்ரி ஸ்மித். அந்த வீட்டு இரும்புப் பெட்டியில் 10 ஆயிரம் டாலர் இருக்கும் என்று ஜெயிலில் கூட இருந்த கைதி ஒருவன் சொல்லியிருந்தான். அதை நம்பித்தான் வந்தார்கள்.

வீடு முழுக்கத் தேடினார்கள். பெட்டியே இல்லை!

பண்ணையார், அவர் மனைவி, 16 வயது மகள், 15 வயது மகன் ஆகிய 4 பேரையும் கட்டிப்போட்டுச் சுட்டுக் கொன்றார்கள். கிடைத்தது என்ன தெரியுமா? 50 டாலருக்கும் குறைவான பணம். ஒரு ரேடியோ. ஒரு பைனாகுலர். அவ்வளவுதான்.

தோழி துணை

நியூயார்க்கில் இருந்த கபோட்டி இந்தச் செய்தியைப் பேப்பரில் படித்தார். அப்போது அவருக்கு வயது 35. ஏற்கனவே பேர் வாங்கிய எழுத்தாளர். குள்ள உருவம், கீச்சுக் குரல், பகட்டான உடை. கன்சாஸ் விவசாயிகள் இப்படி ஒரு ஆளைப் பார்த்ததே இல்லை. கதவைத் திறக்கவே தயங்கினார்கள்.

நல்லவேளையாக, சின்ன வயதில் பக்கத்து வீட்டில் வளர்ந்த தோழி ஹார்ப்பர் லீயையும் கூட்டிப் போயிருந்தார். அவர் பேச்சுக் கொடுத்தார். ஊர் மெதுவாக வாய் திறந்தது. (இந்த ஹார்ப்பர் லீயும் 1960-ல் ஒரே நாவலில் உலகப் புகழ் பெற்றுவிட்டார்.)

கபோட்டி பேட்டி எடுக்கும்போது குறிப்பு எழுத மாட்டார். டேப் ரிக்கார்டரும் கிடையாது. எல்லாம் மனப்பாடம்! ஓட்டல் அறைக்குத் திரும்பிய பிறகுதான் எழுதுவார்.

டிசம்பர் 30-ந் தேதி லாஸ் வேகாஸ் நகரில் கொலையாளிகள் பிடிபட்டார்கள். 1960 மார்ச்சில் வழக்கு நடந்தது. இருவருக்கும் தூக்கு என்று தீர்ப்பானது.

தள்ளிப்போன தேதிகள்

கபோட்டி ஜெயிலுக்குப் போய் இருவரையும் பார்த்தார். முக்கியமாக, பெர்ரி ஸ்மித் அவர் மனதில் இடம் பிடித்துவிட்டான். அவனும் குள்ளம். தாய் தகப்பன் கவனிப்பு இல்லாமல் வளர்ந்தவன். கபோட்டியும் சிறு வயதில் தாயைப் பிரிந்து சொந்தக்காரர் வீட்டில் வளர்ந்தவர்தான். பெர்ரிக்குப் புத்தகங்கள் அனுப்பினார். கடிதங்கள் எழுதினார்.

ஆனால் ஒன்றை மட்டும் மறைத்தார். புத்தகத்தின் பெயரை! ஈவு இரக்கமில்லாமல் செய்த கொலை என்று அர்த்தப்படும் பெயர் அது. பெர்ரிக்கு எப்படியோ சேதி எட்டியது, கேட்டான். அப்படி இல்லை என்று கபோட்டி சாதித்துவிட்டார்.

கோர்ட்டு, அப்பீல் என்று வழக்கு இழுத்தது. 1962 அக்டோபரில் தூக்குத் தேதி குறித்தார்கள், தள்ளிப்போனது. 1963 ஆகஸ்டிலும் அப்படியே. 1965 பிப்ரவரியிலும் அப்படியே.

ஒவ்வொரு தடவை தள்ளிப்போகும்போதும் கைதிகளுக்கு உயிர் வந்தது. எழுத்தாளருக்கோ உயிர் போனது! முடிவு இல்லாத புத்தகத்தை எப்படி வெளியிடுவது?

கடைசி இரவு

ஒருவழியாக 1965 ஏப்ரல் 14 என்று முடிவானது. சுப்ரீம் கோர்ட்டும் கைவிட்டது. இருவரும் கபோட்டியின் உதவியைக் கேட்டுத் தவித்தார்கள். அவர் பதிப்பக ஆசிரியரோடு கன்சாஸ் சிட்டி ஓட்டலில் அடைந்து கிடந்தார். போனை எடுக்கவே இல்லை.

கடைசி நேரத்தில் மட்டும் ஜெயிலுக்குப் போய் விடை கொடுத்தார். வெளியே மழை கொட்டியது. நள்ளிரவுக்குப் பின் முதலில் ஹிக்காக், அடுத்து பெர்ரி. தூக்கு முடிந்தது.

விமானத்தில் திரும்பும்போது கபோட்டி வழிநெடுக அழுதார். இருவரின் கல்லறைக் கல்லுக்கும் அவரே பணம் கட்டினார்.

அழுதாலும் வேலை நிற்கவில்லை. 2 மாதத்தில் மீதிப் பக்கங்களை முடித்தார். எப்போதும் பென்சிலால் எழுதுபவர். அப்போது கை ஒத்துழைக்கவில்லை. டைப்ரைட்டரில் தட்டித்தான் முடித்தார். செப்டம்பரில் பத்திரிகையில் தொடராக வந்தது. 1966 ஜனவரியில் புத்தகம் வெளியானது. சக்கைப்போடு போட்டது! பணம் குவிந்தது. 1967-ல் சினிமாவாகவும் வந்தது.

கல்லறைக் காட்சி

எழுதியது அத்தனையும் சத்தியம் என்று அடித்துச் சொன்னவர் கபோட்டி. ஆனால் புத்தகத்தின் கடைசிக் காட்சி, துப்பறியும் அதிகாரி கல்லறைத் தோட்டத்தில் ஒரு பெண்ணைச் சந்திப்பது, நடக்கவே இல்லை. அது கற்பனை என்று பிற்பாடு தெரிந்தது. நிஜ முடிவுக்காக 5 வருடம் காத்திருந்தவருக்கு, தூக்கு மேடையோடு புத்தகத்தை முடிக்க மனம் வரவில்லை!

அதன் பிறகு அவர் பெரிய புத்தகம் எதையும் எழுதி முடிக்கவில்லை. குடியும் போதை மருந்தும் அவரைத் தின்றன. 1984 ஆகஸ்டு 25-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இறந்தார். 60 வயது முடிய ஒரு மாதம்தான் பாக்கி.

பேரும் பணமும் தந்த அந்த ஒரே புத்தகம், எழுதியவரையும் சும்மா விடவில்லை.