குரலற்றிருந்த சமூகத்தின் பத்திரிகை: அறிஞர் சித்திலெப்பை

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் கொத்தில் மலட்டு மருந்து கலந்திருப்பதாக வதந்தி கிளம்பியது. அன்றிரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மருந்தல்ல, வெறும் மாப்பொருள்தான் என்று அரச பகுப்பாய்வில் பின்னர் தெரியவந்தது. அடுத்த வாரம் கண்டி திகனையில் வன்முறை வெடித்தபோது அந்தப் பொய்யும் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தது. தன் தளத்தில் பரவிய வெறுப்புக்காக பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது.

ஊடகம் ஒரு சமூகத்தை என்ன செய்யும் என்பதை நாம் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை, அனுபவித்தே படித்தோம். ஆனால் அதே கண்டியில் 1882இலேயே ஒருவர் இதை உணர்ந்து, தன் சமூகத்தின் கையில் ஒரு பத்திரிகையைக் கொடுத்தார். அவர்தான் அறிஞர் முகம்மது காசிம் சித்திலெப்பை.

1838இல் கண்டியில் பிறந்தவர். தந்தையைப் போலவே அவரும் சட்டம் கற்றுப் புறக்டரானார். தமிழ், அரபு, ஆங்கிலம் மூன்றும் கைவந்திருந்தன. நீதிமன்றமும் வருமானமுமாக வசதியாக வாழ்ந்து முடித்திருக்கலாம். ஆனால் சுற்றியிருந்த சமூகத்தின் நிலை அவரை அப்படி இருக்க விடவில்லை.

அன்று ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷனரிமாரின் கையில் இருந்தது. பிள்ளைகள் மதம் மாறிவிடுவார்கள் என்ற அச்சத்தில் முஸ்லிம்கள் அந்தப் பாடசாலைகளை ஒதுக்கினார்கள். அச்சம் நியாயமானதுதான். ஆனால் மாற்றுவழி தேடாமல் ஒதுங்கியே இருந்ததால் அரச பதவிகளும் சட்டநிரூபண சபையும் நமக்கு எட்டாமல் போயின. யாழ்ப்பாணத்தில் 1841இலேயே அமெரிக்க மிஷனரிமார் 'உதயதாரகை'யைத் தொடங்கினார்கள். ஆறுமுக நாவலர் அச்சுக்கூடமும் பாடசாலையும் நிறுவி அவர்களுக்கு அதே கருவியால் பதில் சொன்னார். அந்த விவாதங்களில் முஸ்லிம்களுக்கென ஒரு தாள் கூட இருக்கவில்லை.

1882 டிசம்பரில் கண்டியிலிருந்து 'முஸ்லிம் நேசன்' வெளிவந்தது. உள்ளூர்ச் செய்தியோடு துருக்கி, எகிப்துச் செய்திகளும் வந்தன. கல்வியின் அவசியம் திரும்பத் திரும்ப எழுதப்பட்டது. சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி வேண்டும் என்று பத்திரிகை வாதாடியது. 1889இல் எம்.ஸீ. அப்துர் ரஹ்மான் முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். தனக்கென்று ஒரு பத்திரிகை இருக்கும் சமூகத்தின் கோரிக்கையை ஆட்சியாளரால் எளிதில் ஒதுக்க முடியாது என்பதற்கு அது ஒரு சான்று.

பத்திரிகை தொடங்கிய மறு மாதமே, 1883 ஜனவரியில், பிரித்தானியர் எகிப்திலிருந்து நாடுகடத்திய ஒராபி பாஷா கொழும்பில் வந்திறங்கினார். சித்திலெப்பைக்கு அவர் பெருந்துணையானார். எகிப்தின் பின்னணியில் சித்திலெப்பை 1885இல் எழுதிய 'அசன்பேயுடைய கதை', இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவலாகப் பலராலும் கொள்ளப்படுகிறது. கட்டுரை படிக்க மாட்டாதவன் கதையையாவது படிப்பான் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

ஒரு விடயத்தில் அவர் தெளிவாக இருந்தார். வாசிக்கத் தெரியாத சமூகத்துக்குப் பத்திரிகை வெறும் காகிதம். ஆகவே எழுதிய கையாலேயே பாடசாலைகளும் திறந்தார். கண்டியில் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தினார். அதில் அவருடைய சகோதரி முத்து நாச்சியா கற்பித்தார். 1884இல் கொழும்பில் தொடங்கிய பாடசாலை நீடிக்கவில்லை. சமூகத்துக்குள்ளேயே எதிர்ப்பும் அலட்சியமும் இருந்தன. அவர் விட்டுவிடவில்லை. 1892இல் வாப்பிச்சி மரைக்காருடனும் ஒராபி பாஷாவுடனும் சேர்ந்து மருதானையில் மத்ரஸதுஸ் ஸாஹிராவைத் தொடங்கினார். அதுவே கொழும்பு ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. நமது கல்முனையிலும் அந்தப் பெயரைத் தாங்கிய கல்லூரி இருக்கிறது. தினமும் அந்த வாயிலைக் கடக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் வரலாறு தெரியும்?

1892இல் 'ஞானதீபம்' என்ற சஞ்சிகையையும் நடத்தினார். 1898 பெப்ரவரியில் காலமானபோது அவருக்கு அறுபது வயதும் நிறைந்திருக்கவில்லை. 1977இல் அரசு அவர் நினைவாக முத்திரை வெளியிட்டது.

இன்று நிலைமை தலைகீழ். அன்று ஒரு தாளை அச்சிட ஒருவர் தன் தொழிலையும் பணத்தையும் கொடுக்க வேண்டியிருந்தது. இன்று மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் அக்கரைப்பற்றிலும் ஒவ்வொரு கையிலும் ஓர் அச்சுக்கூடம் இருக்கிறது. ஆனால் வட்ஸ்அப்பில் வந்ததை வாசித்து முடிக்கும் முன்பே பத்துக் குழுக்களுக்கு அனுப்புகிறோம். நமக்கெதிரான பொய் பரவினால் கொதிக்கிறோம். நமக்குப் பிடித்த பொய்யை நாமே பரப்புகிறோம். ஒரு செய்தியைக் கேட்டால் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு அல்குர்ஆன் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

என் வகுப்பில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மாணவர் கைப்பேசிச் செய்தி எதையாவது சொன்னால் மூன்று கேள்விகள்: யார் சொன்னது, எப்போது சொன்னது, வேறு எங்கே வந்திருக்கிறது? பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே வகுப்பு அமைதியாகிவிடும். இதை ஒவ்வொரு பாடசாலையும் செய்யலாம். இதற்குப் பணமோ சுற்றறிக்கையோ தேவையில்லை.

பத்திரிகையையும் பாடசாலையையும் ஒன்றாகவே சுமந்தவர் சித்திலெப்பை. நாம் முதலாவதைக் கைப்பேசியாக வாங்கிக்கொண்டோம், இரண்டாவதைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறோம். அன்னாரின் சேவையை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக.