சமரசம் செய்வித்த ரால்ப் பன்ச்

சண்டையை மூட்டுவதற்கு ஒரு வார்த்தை போதும். அதை அணைப்பதற்கு ஓர் ஆயுட்காலமும் போதாமற் போவதுண்டு. யுத்தத்தில் வென்ற சேனாதிபதிகளுக்குச் சிலை நாட்டும் உலகம், யுத்தத்தை நிறுத்தியவர்களின் பெயர்களை வெகு விரைவில் மறந்துவிடுகிறது. அங்ஙனம் மறக்கப்பட்டு வருபவர்களுள் ஒருவர் டாக்டர் ரால்ப் பன்ச். 1971ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 9ந் தேதி நியூயார்க் நகரில் காலமான இப்பெரியாரின் சரித்திரத்தை இன்று நாம் எடுத்துக் கூற முன்வந்ததற்குக் காரணம் உண்டு. சமரசம் என்ற சொல்லை நம்மவரிற் பலர் கோழைத்தனத்துக்கு மறுபெயராகவே கருதுகின்றனர். அக்கருத்து எவ்வளவு தவறானது என்பதை இவருடைய வாழ்க்கையைப் போல் விளக்கக்கூடியது வேறொன்றில்லை.

பன்ச் செல்வத்திற் பிறந்தவரல்லர். அமெரிக்காவில் டெட்ராயிட் நகரில், க்ஷவரத் தொழில் புரிந்த ஒரு கறுப்பினத்தவரின் மகனாகப் பிறந்தார். 1917ல் தாயார் இறந்தார். அதன் பின்னர் பாட்டியார் லூசி ஜான்ஸன் என்ற மாதரசி அவரை லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். தோலின் நிறத்தைக் கண்டு எவரேனும் தாழ்த்திப் பேசினால் தலை குனியலாகாது, அதே சமயத்தில் நிதானத்தையும் இழக்கலாகாது என்ற பாடத்தை அவ்வம்மையாரிடமே அவர் கற்றார். வேலை செய்துகொண்டே படித்து, 1927ல் காலிபோர்னியா சர்வகலாசாலையில் முதல்வராகத் தேறினார். ஹார்வார்டு சர்வகலாசாலையில் இடம் கிடைத்தும் போய்ச் சேரப் பணமில்லை. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக் கறுப்பின மக்கள் தங்களுக்குள் ஆயிரம் டாலர் திரட்டிக் கொடுத்து அனுப்பினர். ஒரு சமூகம் தன் பிள்ளை ஒருவனிடம் வைத்த நம்பிக்கை எத்துணைப் பலன் தரும் என்பதற்கு இது சான்றாகும். 1934ல் அவர் டாக்டர் பட்டம் பெற்றார். அரசியல் நூலில் அப்பட்டம் பெற்ற முதல் அமெரிக்கக் கறுப்பினத்தவர் அவரே. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த டோகோலாந்து, டஹோமி என்னும் இரு ஆப்பிரிக்க நாடுகளை ஒப்பிட்டு அவர் ஆராய்ச்சி செய்தார். அடிமைப்பட்ட நாடுகளின் நிலையை ஏட்டிற் படித்ததோடு நில்லாமல், அந்நாடுகளுக்கே நேரிற் சென்று கண்டறிந்தார்.

இரண்டாவது உலக யுத்தம் முடியும் தறுவாயில், 1945ல் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் சாஸனம் வகுக்கப்பட்டபோது, சுயாட்சி பெறாத நாடுகளைப் பற்றிய அத்தியாயங்களை எழுதுவதில் பன்ச் பெரும் பங்கு கொண்டார். விரைவிலேயே அந்த ஸ்தாபனத்தின் காரியாலயத்திலேயே உத்தியோகமும் ஏற்றார். அதிலிருந்து ஏறக்குறையத் தம் அந்திமகாலம் வரையில் அப்பணியைவிட்டு அவர் அகலவில்லை.

1947ல் பாலஸ்தீனப் பிரச்னையை ஆராய்வதற்காகப் பதினொரு நாடுகளின் கமிட்டி ஒன்று நியமிக்கப்பட்டது. அதில் இந்தியாவும் அங்கம் வகித்தது. கமிட்டியில் ஒருமுகம் ஏற்படவில்லை. நாட்டை யூதருக்கும் அரபியருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டுமெனப் பெரும்பான்மையோர் கூறினர். பிரிக்காமல் ஒரே சமஷ்டி அரசாக அமைக்க வேண்டுமென இந்தியா, ஈரான், யுகோஸ்லாவியா ஆகிய மூன்றும் கூறின. இவ்விரு அறிக்கைகளையும் எழுதுவதில் கை கொடுத்தவர் பன்ச் ஒருவரே. இதை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒரு கக்ஷியின் வாதத்தை, அக்கக்ஷியாரே தாம் சொல்ல நினைத்தது இதுதான் என்று ஒப்புக்கொள்ளும் வண்ணம் எழுதிக் கொடுத்துவிட்டு, மறு நாழிகை எதிர்க்கக்ஷியின் வாதத்தையும் அவ்வண்ணமே எழுத வல்லவன் எவனோ, அவனே மத்தியஸ்தனாவதற்குத் தகுதியுடையவன். எதிரியின் வாதத்தைத் திரித்துக் கூறி, அந்தத் திரிபைக் கண்டித்து வெற்றி முழக்கம் செய்வது மேடைக்கு அழகாயிருக்கலாம்; காரியத்துக்கு உதவாது.

1948ல் யுத்தம் மூண்டது. ஸ்வீடன் தேசத்துப் பிரபு போல்கே பெர்னடாட்டை ஐக்கிய நாடுகள் ஸ்தாபனம் மத்தியஸ்தராக நியமித்தது. பன்ச் அவருக்குப் பிரதம துணைவராகச் சென்றார். அவ்வருஷம் செப்டம்பர் மாதம் 17ந் தேதி ஜெருஸலேம் நகரில் யூதத் தீவிரவாதிகள் பெர்னடாட்டைச் சுட்டுக் கொன்றனர். வழியில் ஏற்பட்ட தாமதத்தினால் பன்ச் அந்த வண்டியில் ஏறவில்லை. பெர்னடாட்டின் பக்கத்தில் அமர்ந்திருந்த பிரெஞ்சுக் கர்னல் செரோவும் உடன் மாண்டார். தலைவரின் ரத்தம் காயுமுன்னே அந்த ஸ்தானம் பன்ச்சின் தலையில் விழுந்தது. ஏற்றுக்கொண்டால் தமக்கும் அதே கதி நேரலாம் என்பது அவருக்குத் தெரியாததன்று. ஆயினும் அவர் பின்வாங்கவில்லை. சமரசம் செய்பவன் கோழை என்று சொல்வோர் இந்தச் சம்பவத்தை எண்ணிப் பார்க்கட்டும்.

1949 ஜனவரி மாதத்தில் கிரேக்க நாட்டைச் சார்ந்த ரோட்ஸ் தீவில் எகிப்தியரும் இஸ்ரேலியரும் வந்து கூடினர். கூடினர் என்று சொல்வதுகூட மிகையேயாகும். ஒரே விடுதியில் வெவ்வேறு மாடிகளில் தங்கினர். தொடக்கத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் இசையவில்லை. பன்ச் கையாண்ட முறைகளை நாம் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம்.

முதலாவது, சமாதானம் என்ற பெரும் வார்த்தையை அவர் எடுக்கவே இல்லை. நாடு யாருக்குச் சொந்தம், எல்லை எது என்ற கேள்விகளை ஒதுக்கி வைத்து, துப்பாக்கிகள் ஓய வேண்டும், அதற்கு எந்தச் சேனை எங்கே நிற்க வேண்டும் என்பதை மாத்திரமே மேஜையின் மீது வைத்தார். வரையப்படும் கோடு ராஜ்ய எல்லையாகாது, எந்தக் கக்ஷியின் உரிமையையும் அது பாதிக்காது என்று உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டது. தோற்றோம் என்ற அவமானமின்றிக் கையெழுத்திடுவதற்கு இது வழி செய்தது.

இரண்டாவது, எளிதானதை முன்னும் கடினமானதைப் பின்னும் வைத்தார். முதலில் நிகழ்ச்சி நிரலுக்குச் சம்மதம். பிறகு ஒருவரை ஒருவர் தாக்குவதில்லை என்ற பொதுக் கோட்பாட்டுக்குச் சம்மதம். இவை சிறு விஷயங்களே. ஆனால் எதற்குமே ஒப்பாதவர்கள் ஒன்றுக்கு ஒப்பிக் கையொப்பமிடப் பழகிவிட்டால், இரண்டாவதற்கு ஒப்புவது எளிதாகிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

மூன்றாவது, ஒரு கக்ஷி சொல்லும் யோசனையை மறு கக்ஷி அக்காரணத்துக்காகவே தள்ளிவிடும் என்பதை உணர்ந்து, இருவரிடமும் தனித்தனியே பேசி, கடைசியில் யோசனையைத் தம்முடையதாகவே எழுதிக் கொடுத்தார். பழி வந்தாலும் தமக்கே வரட்டும் என்பது அவர் கருத்து. நள்ளிரவு கடந்தும் பேச்சு நடக்கும். களைத்தவர்களோடு பில்லியர்ட்ஸ் ஆடுவார். மறுபடியும் நகலைக் கையில் எடுப்பார். பேச்சின் ஞாபகார்த்தமாக அத்தீவின் குயவர்களைக்கொண்டு பீங்கான் தட்டுகள் செய்வித்து வைத்திருந்தார். பேச்சு முறியும்போல் இருந்த சமயத்தில் அவற்றை எடுத்துக் காட்டி, உடன்பட்டால் ஆளுக்கொன்று உண்டு, இல்லையேல் தட்டுகளுக்கும் தலைகளுக்கும் ஒருங்கே ஆபத்து என்று வேடிக்கையாகப் பயமுறுத்தினாராம்.

பெரிய முடிச்சு பலூஜா என்ற இடத்தில் இருந்தது. அங்கே ஏறக்குறைய 4,000 எகிப்தியச் சிப்பாய்கள் இஸ்ரேலியரால் சூழப்பட்டுக் கிடந்தனர். பிற்காலத்தில் எகிப்தின் தலைவரான நாஸர் அவர்களுள் ஒருவர். அவர்கள் கௌரவத்துடன் நாடு திரும்புவதற்கு வழி வகுக்கப்பட்டது. எல்லையோரத்திலிருந்த அவுஜா என்ற ஊர் இருவர் சேனையும் நுழையக்கூடாத இடமாக ஆக்கப்பட்டது. ஆறு வாரங்களுக்குப் பின் பிப்ரவரி 24ந் தேதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. லெபனான் மார்ச்சு 23ந் தேதியும், ஜோர்டான் ஏப்ரல் 3ந் தேதியும், ஸிரியா ஜூலை 20ந் தேதியும் அவ்வழியைப் பின்பற்றின. நான்கு தேசங்கள், நான்கு உடன்படிக்கைகள்! இதற்காக 1950ல் அவருக்கு நோபல் சமாதானப் பரிசு அளிக்கப்பட்டது. அப்பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. சமாதானம் செய்வது தம் உத்தியோகக் கடமை, அதற்குப் பரிசு எதற்கு என்று அவர் மறுக்க எண்ணியதும், பிரதம காரியதரிசி டிரிக்வே லீ வற்புறுத்தியதன் பேரிலேயே ஏற்றதும் அவர் குணத்துக்கு எடுத்துக்காட்டு.

இனி, மறு பக்கத்தையும் மறைக்காமல் கூறுவது நமது கடமை. ரோட்ஸில் கிடைத்தது யுத்த நிறுத்தமேயன்றிச் சமாதானமன்று. ஏழு லக்ஷத்துக்கு மேற்பட்ட பாலஸ்தீன அரபியர் வீடு வாசல் இழந்து அகதிகளாயினர். அவர்களுடைய பிரதிநிதி எவரும் அந்த மேஜையின் முன் உட்காரவில்லை. ஜோர்டானுடன் செய்த உடன்படிக்கையின் முக்கிய அம்சங்கள் ரோட்ஸில் முடிவாகவில்லை. மன்னர் அப்துல்லாவோடு இஸ்ரேலியர் ரகசியமாகப் பேசி முடித்ததையே ரோட்ஸில் எழுதிக் கையொப்பமிட்டனர். அதன்படி பல அரபு கிராமங்கள், அவற்றின் மக்களை ஒரு வார்த்தை கேளாமலே, கைமாறின. தாற்காலிகக் கோடு வருஷக்கணக்கில் நின்றது. 1956லும் 1967லும் மீண்டும் ரத்தம் பெருகியது. அங்ஙனமாயின் பன்ச் செய்தது என்ன, நோயை ஆற்றினாரா, வலியை மாத்திரம் மறக்கச் செய்தாரா என்று கேட்கலாம்.

கேள்வி நியாயமானதே. நமது அபிப்பிராயம் இதுதான்: எரியும் வீட்டில் முதலில் நெருப்பை அணைக்க வேண்டும்; பாகவழக்கைப் பிறகுதான் பேச இயலும். நெருப்பை அணைத்தவன் மீது பாகவழக்கைத் தீர்க்கவில்லை என்று குற்றம் சாட்டுவது முறையாகாது. ஆனால் நெருப்பு அணைந்துவிட்டது, இனி வழக்கே இல்லை என்று வீட்டார் படுத்துறங்கினால் அந்தக் குற்றம் வீட்டாருடையது. கிடைத்த அவகாசத்தை நீதி செய்வதற்குப் பயன்படுத்தியிருக்க வேண்டியவர்கள் அத்தேசங்களின் தலைவர்களும் அவர்களுக்குப் பின்னின்ற வல்லரசுகளும் ஆவர். அவர்கள் அதைச் செய்யவில்லை. அம்மக்கள் பேச இடமில்லாமல் அவர்களைப் பற்றிச் செய்யும் ஏற்பாடு எதுவும் நெடுநாள் நிலைக்காது என்பதே ரோட்ஸ் நமக்கு விட்டுச் சென்ற எச்சரிக்கை.

மௌனத்தைச் சமாதானம் என்று பன்ச் ஒருநாளும் மயங்கவில்லை. 1949ல் ஜனாதிபதி ட்ரூமன் அவருக்கு வெளிநாட்டு இலாகாவில் உயர்ந்த பதவி அளிக்க முன்வந்தார். வாஷிங்டன் நகரில் அப்போது நிலவிய நிறபேதத்துக்குத் தம் குடும்பத்தை மீண்டும் உட்படுத்த மனமின்றி அதை அவர் நிராகரித்தார். 1959ல் நியூயார்க்கில் ஒரு டென்னிஸ் சங்கம் நிறம் காரணமாக அவருடைய மகனைச் சேர்க்க மறுத்தது. கண்டனம் எழுந்ததும் மன்னிப்புக் கோரி இடம் தர முன்வந்தது. பேர் பெற்றவனுக்கு மாத்திரம் திறக்கும் கதவு நியாயத்தின் கதவன்று என்று கருதி அவர் அதை ஏற்கவில்லை. 1965ல் நீரிழிவு நோயால் உடல் நலிந்திருந்தபோதும், ஸெல்மாவிலிருந்து மான்ட்காமரிக்கு வாக்குரிமை கோரி நடந்த யாத்திரையில் மார்ட்டின் லூதர் கிங்கோடு சேர்ந்து நடந்தார். மத்தியஸ்தனுக்குப் பக்ஷபாதம் கூடாது. ஆனால் நீதியிலும் அநீதியிலும் ஒருங்கே பற்றற்றிருப்பது நடுநிலைமையாகாது.

1956ல் ஸூயஸ் யுத்தம் மூண்டபோது ஐக்கிய நாடுகளின் முதல் அமைதிச் சேனையைச் சில தினங்களில் திரட்டி அனுப்பும் வேலையை அவரே ஏற்று நடத்தினார். நம் நாட்டுச் சிப்பாய்களும் அச்சேனையில் காஜாப் பிரதேசத்தைக் காத்து நின்றனர். 1967ல் நாஸர் கோரியதன் பேரில் அச்சேனை விலகத் தொடங்கிய சமயம் அதன் தளபதியாயிருந்தவர் இந்தியரான மேஜர் ஜெனரல் இந்தர்ஜித் ரிக்கி. சில நாட்களில் யுத்தம் மூண்டது. வெளியேறக் காத்திருந்த இந்தியச் சிப்பாய்கள் சிலரும் அதில் மாண்டனர். பதினோரு வருஷ உழைப்பு பாழானதைக் கண்டு பன்ச் அடைந்த துயரம் பெரிது. ஆயினும் அவர் ஓயவில்லை. பஹ்ரைன் தீவுகளுக்கு ஈரான் உரிமை கொண்டாடி வந்த வழக்கில், பிரதம காரியதரிசி ஊ தாந்தின் பிரதிநிதி 1970ல் அத்தீவுகளுக்குச் சென்று மக்களின் விருப்பத்தைக் கேட்டறிந்தார். அந்த ஏற்பாட்டைத் திரைமறைவிலிருந்து நடத்தியவர் பன்ச். மக்கள் சுதந்திரத்தையே விரும்பினர், பாதுகாப்புக் கவுன்ஸில் ஏகமனதாக ஆமோதித்தது, ஈரானும் ஒப்புக்கொண்டது. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. ரோட்ஸில் கேட்கப்படாத மக்களின் குரல் இங்கே கேட்கப்பட்டது என்பதையும், வழக்கு தீர்ந்தே போயிற்று என்பதையும் சேர்த்துப் பார்க்குமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

தேசங்களுக்குப் பொருந்துவது சங்கங்களுக்கும் பொருந்தும். நமது கமிட்டிகளில் இரண்டு கோஷ்டிகள் ஏற்பட்டால், முதற் கூட்டத்திலேயே யார் துரோகி என்று தீர்மானிக்க முற்படுகிறோம். எதிராளியின் யோசனை நல்லதாயினும் அவர் வாயிலிருந்து வந்தது என்பதற்காகவே தள்ளுகிறோம். இருவருக்கும் பொதுவாக ஒருவர் நின்றால் அவரை இரு கோஷ்டியாரும் சந்தேகிக்கிறோம். பன்ச் காட்டிய வழி கடினமன்று. சிறியதில் ஒப்புக; எதிரிக்கு முகம் தருக; தீர்மானத்தால் பாதிக்கப்படுவோரைக் கேட்டபின் தீர்மானிக்க. கடினமாயிருப்பது நம்முடைய அகங்காரமே. அதை அடக்கிக்கொள்ளும் தொண்டர் எந்த ஸ்தாபனத்தில் சிலரேனும் உளரோ, அந்த ஸ்தாபனம் பிளவுபட்டாலும் அழியாது என்பது நமது உறுதி.