துன் வீ.தி. சம்பந்தன்

துன் வீ.தி. சம்பந்தன் 1919-ஆம் ஆண்டு பேராக், சுங்கை சிப்புட்டில் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1955-இல் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவரானார். பின்னர், சுதந்திர மலாயாவின் முதல் அமைச்சரவையிலும் இடம்பெற்றார்.

அக்காலத்தில் வெளிநாட்டு நிறுவனங்கள் பல தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்று இலாபம் ஈட்டினர். இதுவே தோட்டத் துண்டாடல் எனப்பட்டது. நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலண்டோக் போன்ற வட்டாரங்களில் உழைத்த குடும்பங்களுக்குத் தோட்டமே ஊர். தோட்டம் துண்டாடப்பட்டால் பால்மரம் வெட்டும் வேலையோடு லயத்து வீடும் பறிபோகும். தமிழ்ப்பள்ளியும் கோயிலும் கேள்விக்குறியாகும்.

விற்கப்படும் தோட்டத்தைத் தொழிலாளர்களே வாங்கினால் என்ன என்று சம்பந்தன் சிந்தித்தார். அதன் பயனாக, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம். நாட்கூலி பெறுவோருக்கு அது பெருந்தொகை. ஆகவே, அவர் தோட்டந்தோட்டமாகச் சென்று திட்டத்தை விளக்கினார். தொழிலாளர்கள் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிப் பணம் செலுத்தினர். 1961-இல் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் சொத்தானது. மேலும் பல தோட்டங்கள் அதனைத் தொடர்ந்தன.

நாட்டில் துண்டாடல் முற்றாக நின்றுவிடவில்லை. எனினும், சங்கம் வாங்கிய தோட்டங்களில் கூலியாக இருந்தவர்கள் பங்குதாரர்களாயினர். சம்பந்தன் 1979-இல் மறைந்தார். கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தனியொருவரின் பத்து வெள்ளியால் ஒரு மரத்தைக்கூடக் காக்க இயலாது. பலரின் பத்து வெள்ளி ஒரு தோட்டத்தையே காத்தது.