சிறையிலும் தளராத சீகன்பால்கு

துன்பம் சிலரைத் துவளச் செய்யும். சிலரைப் புடமிட்ட பொன்போல் ஒளிரச் செய்யும். இரண்டாம் வகையினருள் ஒருவராகிய பார்த்தலோமேயு சீகன்பால்கு என்னும் கிறிஸ்தவத் தொண்டரின் வாழ்வை நாம் இங்குக் காண்போம்.

அன்னார் ஜெர்மனி நாட்டின் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில், 1682-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10-ஆம் நாள் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். நோயும் அவரை வாட்டியது. ஆயினும் இறைப்பற்று ஒன்றே அவருக்கு ஊன்றுகோலாயிற்று.

டென்மார்க் மன்னர் அவரைத் தமிழகத்துக்கு அனுப்பினார். 1706 ஜூலை 9-ஆம் நாள், தம் 24-ஆம் பிறந்த நாளுக்கு முந்திய நாளில், அவர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அங்கிருந்த டேனிய அதிகாரிகள் அவரை வரவேற்கவில்லை. அவரோ மனம் சோராமல், தமிழ்ச் சிறுவர்களோடு தாமும் ஒரு மாணவராய்த் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி அரிச்சுவடி கற்றார். பின்னர்ச் சிறுமியருக்கும் பள்ளி அமைத்தார்.

1708 அக்டோபரில் விவிலியத்தின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே பெருந்துன்பம் நேர்ந்தது. ஏழைக் கைம்பெண் ஒருவருக்காகப் பரிந்து பேசியதால் ஆளுநரின் சினத்துக்கு ஆளாகிச் சிறையிடப்பட்டார். ஏறத்தாழ நான்கு திங்கள் தனிமையில் கழிந்தன. முதலில் தாளும் மையும் கூட மறுக்கப்பட்டன. அந்தத் தனிமையை அவர் வேண்டுதலுக்குரிய இடமாக்கிக் கொண்டார். எழுதுபொருள் கிடைத்தபின், கிறிஸ்தவ வாழ்வின் நெறிகளைப் பற்றியே எழுதினார்.

விடுதலை பெற்றதும், இடையில் நின்ற மொழிபெயர்ப்பை மீண்டும் கையில் எடுத்தார், 1711-இல் முடித்தார். ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் கப்பலேறி வந்தன. 1715-இல் அந்நூல் முழுமையாக அச்சாயிற்று.

பழைய ஏற்பாட்டை ரூத்தின் வரலாறு வரை பெயர்த்த நிலையில், 1719 பிப்ரவரி 23-ஆம் நாள், தம் 36-ஆம் வயதில் அவர் மறைந்தார். தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அன்பு மாணவர்களே! வறுமையாலோ நோயாலோ நம் கல்வியும் உழைப்பும் இடையில் தடைப்படலாம். தடைப்பட்ட நாள்களில் உள்ளத்தைப் பண்படுத்துவோம். தடை நீங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். சீகன்பால்குவின் வாழ்வு நமக்குப் புகட்டும் பாடம் இதுவேயாகும்.