யோசேபஸ் சரித்திரம்

கி.பி. 37-இல் எருசலேமில் ஆசாரிய குலத்திற் பிறந்தவர் யோசேபஸ். 66-இல் யூதர் ரோமரை எதிர்த்தெழவே, கலிலேயாவில் படைத்தலைவரானார். மறு ஆண்டு யோதபாத்தா வீழ்ந்தது. குகையில் ஒளிந்த தோழர்கள் சீட்டிட்டு ஒருவர் கையால் ஒருவர் மாண்டனர். கடைசி இருவருள் ஒருவராய் எஞ்சிய இவர் சரணடைந்தார். சீட்டு அவ்வாறு விழுந்தது தற்செயலோ தெய்வச்செயலோ என அவரே எழுதியுள்ளார். நமக்கு மூன்றாவதோர் ஐயமும் உண்டு.

70-இல் தீத்துவின் சேனையோடு வந்து, மதிலருகே நின்று, பணியுமாறு தம் ஜனங்களை மன்றாடினார். உள்ளிருந்து எறிந்த கல் தலையிற்பட்டு மூர்ச்சையானார். அப்பொழுது அவர் தாயார் அந்நகரத்துச் சிறையில் இருந்தார். தேவாலயம் எரிந்தபின், சிலுவையிலறையப்பட்டோருள் தமக்கு அறிமுகமான மூவரைக் கண்டு, தீத்துவிடம் அழுது வேண்டி இறக்குவித்தார், ஒருவரே பிழைத்தார்.

யூதர் அவரைத் துரோகியென்றனர். ஆயினும் முன்னோர் மார்க்கத்தை அவர் விட்டாரல்லர். அவர்கள் சரித்திரத்தை 20 புத்தகங்களாக எழுதி, அதனைப் பழித்த அப்பியோனுக்கு மறுப்பும் இயற்றினார். ரோமில் அவருக்கு அளிக்கப்பட்ட வீடோ, தீத்துவின் தந்தை வெஸ்பாசியன் சக்கரவர்த்தியாகுமுன் வாழ்ந்த வீடு.