மண்ணின் இயல்பறிந்த அறிஞர்: பேராசிரியர் அழகையா துரைராசா

உடைந்த பொருளை ஒதுக்கிவிட்டுப் புதியதொன்றை வாங்குவது நம் வழக்கம். அது ஏன் உடைந்தது எனக் கேட்டு விடை தேடுவது பொறியியலாளரின் கடமை. இரும்பு, சீமெந்து, கண்ணாடி என்பனவற்றைப் போல மண்ணும் பொறியியலாளருக்கு ஒரு கட்டடப்பொருளே ஆகும். குளக்கட்டு, வீதி, புகையிரதப் பாதை, வீட்டின் அத்திவாரம் யாவும் மண்ணையே நம்பி நிற்கின்றன. அந்த மண் எப்போது, ஏன் நிலைகுலைகின்றது என்னும் வினாவுக்கு உலகம் ஏற்றுக்கொண்ட விடையைத் தேடித் தந்தவர்களுள் நமது வடமராட்சியைச் சேர்ந்த ஒருவரும் உள்ளார். அவரே பேராசிரியர் அழகையா துரைராசா ஆவார்.

1. பிறப்பும் கல்வியும்

துரைராசா 1934 நவம்பர் 10ஆம் திகதி பிறந்தார். உடுப்பிட்டி அமெரிக்க மிசன் கல்லூரியிலும் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிலும் கல்வி கற்றார். பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்திற்குத் தெரிவானார். அந்நாளில் இப்பீடம் கொழும்பில் இயங்கியது. 1964ஆம் ஆண்டிலேயே பேராதனைக்கு இடம்மாறியது. 1957இல் அவர் முதலாம் வகுப்பில் சித்தியடைந்து பட்டம் பெற்றார்.

மேற்படிப்புக்காக இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கு மண் பொறியியல் ஆய்வுக்குழுவைப் பேராசிரியர் றோஸ்கோ வழிநடத்தி வந்தார். ஸ்கோபீல்ட், றோத் முதலிய இளம் ஆய்வாளர்கள் அக்குழுவில் இருந்தனர். துரைராசாவும் அவர்களுடன் இணைந்தார். கயோலின் களியினதும் மணலினதும் இயல்புகளே அவரது கலாநிதிப் பட்ட ஆய்வின் பொருளாயின.

2. அக்காலத்தில் நிலவிய பிரச்சினை

மாணவர்களே, விஞ்ஞான பாடத்தில் உராய்வு பற்றிக் கற்றிருப்பீர்கள். இரு மேற்பரப்புகளை ஒன்றோடொன்று அழுத்தும் விசை கூடும்போது எல்லை உராய்வு விசையும் கூடும். மண்ணின் வலிமைக்கும் இதுவே அடிப்படை. மண் துணிக்கைகள் ஒன்றையொன்று அழுத்தி நிற்பதாலேயே அவை வழுக்காமல் இருக்கின்றன.

ஆனால், துணிக்கைகளுக்கிடையே உள்ள வெளிகளில் நீரும் உண்டு. அந்த நீர் வெளியேற வழியில்லாதபோது சுமையின் ஒரு பகுதியை நீரே தாங்கிக்கொள்ளும். அப்போது துணிக்கைகள் ஒன்றையொன்று அழுத்துவது குறையும், உராய்வும் குறையும், மண் வழுக்கும். மழைக்காலத்தில் மலைச்சரிவுகள் இடிந்து விழுவதற்கு இது முக்கிய காரணமாகும். இவ்வுண்மையை ரேசாகி என்னும் அறிஞர் 1920களிலேயே எடுத்துக்காட்டியிருந்தார்.

இருந்தும் ஒரு சிக்கல் தீரவில்லை. ஒரே களிமண்ணை நீர் வெளியேற விட்டுச் சோதித்தால் ஒரு பெறுபேறும், நீரை அடைத்துவைத்துச் சோதித்தால் வேறொரு பெறுபேறும் கிடைத்தன. இறுக்கமான மண் ஒருவிதமாகவும் தளர்வான மண் இன்னொரு விதமாகவும் நடந்துகொண்டன. இவை அனைத்தையும் ஒரே விதியால் விளக்க முடியாதிருந்தது. விதி இல்லாதவிடத்து, கட்டிய அணை நிற்குமா விழுமா என்பதைப் பொறியியலாளர் பெரும்பாலும் அனுபவத்தைக் கொண்டே தீர்மானிக்க வேண்டியிருந்தது.

3. துரைராசாவின் கண்டுபிடிப்பு

உருளை வடிவக் களிமண் மாதிரியை மெல்லிய இறப்பர் உறையினுள் வைத்து, சுற்றிலும் நீரமுக்கம் கொடுத்து, மேலிருந்து மெதுவாக அழுத்தும் சோதனை மண் பொறியியலில் வழக்கமானது. இத்தகைய சோதனைகளில் மண் எவ்வளவு சுமை தாங்கிற்று என்பதை மட்டுமன்றி, மண்ணை உருமாற்றச் செய்யப்பட்ட வேலை எங்கே போயிற்று என்பதையும் துரைராசா கணக்கிட்டார்.

இதனை விளங்கிக்கொள்ள ஒரு பெட்டியைச் சாய்தளத்தில் மேல்நோக்கித் தள்ளுவதை எண்ணிப் பாருங்கள். நாம் செய்யும் வேலையின் ஒரு பகுதி பெட்டியை உயர்த்துகின்றது. மறுபகுதி உராய்வினால் வெப்பமாகின்றது. மண்ணிலும் இதுவே நடைபெறுகின்றது. இறுக்கமான மண்ணில் ஒரு துணிக்கை அடுத்த துணிக்கையின்மேல் ஏறியே நகரவேண்டும். ஆகவே மண் சற்று விரிவடைகின்றது. கடற்கரையில் ஈரமணலில் கால் வைத்ததும் காலைச் சுற்றியுள்ள மணல் ஒரு கணம் உலர்ந்ததுபோலத் தோன்றுவதைக் கண்டிருப்பீர்கள். மிதிபட்ட மணல் விரிவடைந்து, மேலிருந்த நீரைத் தன் வெளிகளுக்குள் இழுத்துக்கொள்வதே அதற்குக் காரணம்.

விரிவடைவதற்கும் சுருங்குவதற்கும் உரிய வேலையைத் தனியே பிரித்தெடுத்தபோது எஞ்சிய உராய்வுப் பகுதி எளிய விதியொன்றுக்கு அமைவதைத் துரைராசா கண்டார். துணிக்கைகளுக்கிடையிலான அழுத்தமும், அக்களிக்குரிய உராய்வு மாறிலியும், உருமாற்றத்தின் அளவும் தெரிந்தால் அதனைக் கணிக்க முடிந்தது. நீர் வெளியேறிய சோதனை, நீர் அடைக்கப்பட்ட சோதனை ஆகிய இரண்டுக்கும் இது பொருந்தியது.

1963இல் றோஸ்கோ, ஸ்கோபீல்ட், துரைராசா ஆகிய மூவரின் பெயரிலும் களிமண்ணின் நெகிழ்வு பற்றிய கட்டுரை வெளிவந்தது. கேம்பிறிட்ஜ் நகரூடாக ஓடும் காம் ஆற்றின் பெயரால் காம் களி எனப்படும் கணித மாதிரியுரு அக்காலத்திலேயே உருவாயிற்று. துரைராசாவின் வேலைக் கணக்கே அதன் அடித்தளங்களுள் ஒன்றாகும். அணைக்கட்டுகளையும் சுரங்கப் பாதைகளையும் வடிவமைக்கும் இன்றைய கணினி நிரல்கள் பலவற்றில் அம்மாதிரியுருவும் அதன் திருத்திய வடிவங்களும் பயன்படுகின்றன.

4. இக்கண்டுபிடிப்பு ஏன் முக்கியமானது?

மண் நிலைகுலையும்போது இழக்கப்படுவது மனித உயிர்களே. 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி வேல்ஸ் நாட்டின் அபர்வான் கிராமத்தில் நிலக்கரிச் சுரங்கக் கழிவு மேடு சரிந்து பாடசாலையொன்றை மூடியது. 116 பிள்ளைகள் உட்பட 144 பேர் உயிரிழந்தனர். விசாரணையாளர்கள் கண்ணால் கண்டோரின் சாட்சியங்களைப் பதிந்தனர், பழைய நிலப்படங்களைப் பார்த்தனர், கழிவுப்பொருளைச் சோதித்தனர். நீரூற்றுகளின் மேலேயே மேடு குவிக்கப்பட்டிருந்தமை தெளிவாயிற்று. முன்னரும் அங்கு சரிவுகள் நிகழ்ந்திருந்தன. அவற்றிலிருந்து எவரும் பாடம் படிக்கவில்லை. இதன் பின்னர் 1969இல் கழிவு மேடுகளின் பாதுகாப்புக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது.

நமது நாட்டிலும் 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்தது. உறங்கிக்கொண்டிருந்த கிராமங்களுள் வெள்ளம் புகுந்தது. 100க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இத்தகைய அனர்த்தங்களை ஆராயும் பொறியியலாளர் பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்வர்.

(அ) இடிந்த இடத்தை எவரும் குழப்புமுன் அளந்து, படம் எடுத்துப் பதிவுசெய்தல்.
(ஆ) கண்டோரிடம் விசாரித்தல், பழைய பதிவேடுகளைப் படித்தல்.
(இ) மண் மாதிரிகளைக் குலையாமல் எடுத்து ஆய்வுகூடத்தில் சோதித்தல்.
(ஈ) சோதனைப் பெறுபேறுகளைக் கொண்டு, அம்மண் அந்நிலையில் இடிந்திருக்குமா எனக் கணித்துப் பார்த்தல்.
(உ) உடனடிக் காரணத்தையும் அடிப்படைக் காரணத்தையும் வேறுபடுத்தல்.
(ஊ) மீண்டும் நிகழாதவாறு வடிவமைப்பையும் விதிகளையும் திருத்தல்.

நான்காவது படிக்கு மண்ணின் நடத்தையைக் கூறும் நம்பகமான விதி வேண்டும். அதற்கே துரைராசா போன்றோரின் உழைப்பு பயன்படுகின்றது. ஐந்தாவது படியை மாணவர்கள் நன்கு கவனித்தல் வேண்டும். சரிவு ஏன் நிகழ்ந்தது என்ற வினாவுக்கு மழை என்று மட்டும் எழுதினால் விடை முழுமையாகாது. மழை உடனடிக் காரணமே. நீர் வடிந்தோட வழி அமைக்காமை அடிப்படைக் காரணமாகும். மழையைத் தடுக்க எவராலும் முடியாது. வடிகால் அமைக்க மனிதனால் முடியும்.

5. தாய்நாட்டில் ஆற்றிய பணி

வெளிநாட்டில் பெயர் பெற்றபோதும் துரைராசா தாயகம் திரும்பினார். பேராதனையில் குடிசார் பொறியியற் பேராசிரியராகவும் பொறியியற் பீடாதிபதியாகவும் பணியாற்றினார். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்திலும் சேவையாற்றினார்.

1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அது போர் சூழ்ந்த காலம். 1990இன் பின்னர் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. எரிபொருள், மருந்து, கடதாசி யாவற்றுக்கும் தட்டுப்பாடு. மக்கள் சைக்கிளிலேயே போய்வந்தனர். மாணவர் சிமினி விளக்கொளியிலே படித்தனர். விரிவுரையாளர் பலர் நாட்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்தனர். எந்த நாட்டிலும் பதவி பெறத்தக்க தகைமை அவருக்கு இருந்தது. எனினும் அவர் இங்கேயே தங்கிப் பல்கலைக்கழகத்தை இயங்கச் செய்தார். விரிவுரைகளும் பரீட்சைகளும் நடைபெறாதிருந்தால் ஒரு தலைமுறையின் கல்வியே பாழாகியிருக்கும்.

6. மறைவும் நினைவும்

நோயுற்றிருந்த துரைராசா 1994 யூன் 11ஆம் திகதி தமது 59ஆவது வயதில் காலமானார். கிளிநொச்சி அறிவியல்நகரில் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. அங்கு மண் பொறியியல் கற்கும் மாணவர் காம் களி பற்றிப் படிக்கும்போது, ஹாட்லிக் கல்லூரியில் படித்த ஒருவரின் உழைப்பையும் சேர்த்தே படிக்கின்றனர்.

மண் பெரும்பாலும் திடீரென்று இடிவதில்லை. வெடிப்பு, கசிவு, கட்டின் தாழ்வு என அது பல வேளைகளில் முன்கூட்டியே அறிகுறி காட்டுகின்றது. அவ்வறிகுறிகளைப் படிக்கக் கற்றவன் ஊரைக் காப்பான். துரைராசாவின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவேயாகும்.

நினைவிற் கொள்க

1934 – பிறப்பு
1957 – பொறியியற் பட்டம்
1963 – றோஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் எழுதிய கட்டுரை
1988 – யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்
1994 – மறைவு

பயிற்சி வினாக்கள்

1. மண் துணிக்கைகள் வழுக்காமல் நிற்பதற்குக் காரணம் யாது?
2. மண்ணினுள் அடைபட்ட நீர் அதன் வலிமையைக் குறைப்பது எவ்வாறு?
3. சாய்தள உதாரணத்தைக் கொண்டு துரைராசாவின் கண்டுபிடிப்பை விளக்குக.
4. உடனடிக் காரணம், அடிப்படைக் காரணம் என்பவற்றை அபர்வான் அனர்த்தத்தைக் கொண்டு வேறுபடுத்துக.
5. உமது ஊரிலுள்ள குளக்கட்டு அல்லது மதகு ஒன்றைப் பார்வையிட்டு, அங்கு காணப்படும் அறிகுறிகளைக் குறிப்பிட்டுச் சிறு அறிக்கை ஒன்று தயாரிக்குக.